ஒரே வேகம், வேற வேற எரிமலை: இந்தியப் பெருங்கடலின் அடியில் ஒரு பாடம்



எரிமலைன்னு சொன்னதும் மனசுல என்ன வருது? கூம்பு மாதிரி ஒரு மலை, உச்சியில புகை, பக்கவாட்டுல வழியுற சிவப்புக் குழம்பு. ஆனா பூமி வெளியே தள்ளுற மாக்மாவில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படி வர்றதே இல்லை. அது கடலுக்கு அடியில, சராசரியா ரெண்டரை கிலோமீட்டர் ஆழத்துல, யார் கண்ணிலும் படாம வெளியே வருது. அந்த இடங்களுக்குப் பேர் நடுக்கடல் மலைத்தொடர். உலகம் முழுக்க இதன் நீளம் சுமார் 65,000 கி.மீ. பூமியின் தட்டுகள் விலகுற கோடு இதுதான். விலகுற இடத்துல கீழேயிருந்து மாக்மா வந்து உறைஞ்சு, புதுக் கடல்தரை உருவாகுது.

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு கேள்வியை எடுத்துப்போம். தட்டுகள் ஒரே வேகத்துல விலகுற ரெண்டு இடங்கள். ஒரு இடத்துல மாக்மா தாராளமா வருது. இன்னொரு இடத்துல கஞ்சத்தனமா வருது. ஏன் இந்த வித்தியாசம்?

எந்தத் துறை மாணவரா இருந்தாலும் பயப்படாம படிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலும் கொஞ்சம் சமையலறை அனுபவமும் போதும்.

காரைக்குடியிலிருந்து நேர் மேற்கே

முதல்ல மேப்பை எடுங்க. காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில இருக்கு. அந்தக் கோட்டைப் பிடிச்சு நேரா மேற்கே போங்க. கேரளாவைத் தாண்டி, லட்சத்தீவு பக்கமா அரபிக்கடலுக்குள்ள போய், சுமார் 2,300 கி.மீ. கடந்தா கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் வடமேற்கு முனை வந்துடும். நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற நடுக்கடல் மலைத்தொடர் இதுதான்.

பேரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. 1928 முதல் 1930 வரை நடந்த டேனா கப்பல் பயணத்துக்குப் பணம் கொடுத்தது டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளை. அதான் இந்தப் பேர். 1962-ல் எச்.எம்.எஸ். ஓவன் என்ற பிரிட்டிஷ் கப்பல் இதே மலைத்தொடர் மேல காந்தப்புலத்தை அளந்தது. அந்தத் தரவை வெச்சுத்தான் 1963-ல் ஃப்ரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும், கடல்தரை விலகிக்கிட்டே இருக்குங்கிறதுக்கான முக்கியமான விளக்கத்தை வெளியிட்டாங்க.

கார்ல்ஸ்பெர்க் தெற்கே போய் மத்திய இந்திய மலைத்தொடரா மாறுது. அதுவும் தெற்கே போய், சுமார் 25 டிகிரி தென் அட்சரேகையில, ரோட்ரிக்ஸ் முச்சந்தியில ரெண்டாப் பிரியுது. ஆப்பிரிக்கா பக்கம் போறது தென்மேற்கு இந்திய மலைத்தொடர். ஆஸ்திரேலியா பக்கம் போறது தென்கிழக்கு இந்திய மலைத்தொடர். தலைகீழ் 'ஒய்' எழுத்து மாதிரி இருக்கும். இந்த மூணு கையும்தான் இன்னைக்கு நம்ம சோதனைக்கூடம்.

சூடு ஏறலை, அழுத்தம் இறங்குது

மேலோட்டுக்குக் கீழே இருக்கிற மேன்டிலைப் பள்ளிக்கூடப் புத்தகத்துல 'கவசம்'னு படிச்சிருப்போம். அது முழுக்க உருகின குழம்புன்னு பலர் நினைக்கிறாங்க. தப்பு. அது பெரிடோடைட் என்ற திடமான பாறை. திடமா இருந்தாலும், லட்சக்கணக்கான வருஷ அளவுல பார்த்தா மெதுவா நகரும்.

அப்போ அது எப்படி உருகுது? யாராவது கீழே அடுப்பைப் பெரிசாக்குறாங்களா? இல்லை. பிரஷர் குக்கரை நினைச்சுக்கோங்க. உள்ளே அழுத்தம் அதிகம், அதனால தண்ணி 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கு. விசில் அடங்குறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினா என்ன ஆகும்? பருப்புத் தண்ணி பொங்கிச் சீறி அடிக்கும். அந்த நொடியில நீங்க சூட்டைக் கூட்டலை. அழுத்தத்தைக் குறைச்சீங்க, அவ்வளவுதான்.

மேன்டிலிலும் இதே கதைதான், கொதிக்கிறதுக்குப் பதிலா உருகுது. ஆழத்துல அழுத்தம் அதிகமா இருக்கிறதால பாறையின் உருகுநிலையும் அதிகம். மேலே தட்டுகள் விலகும்போது, காலியாகுற இடத்தை நிரப்பப் பாறை மேலே ஏறுது. ஏற ஏற அழுத்தம் குறையுது, உருகுநிலையும் இறங்குது. பாறையின் வெப்பநிலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. ஒரு ஆழத்துல ரெண்டும் சந்திக்கும். அங்க பாறை உருக ஆரம்பிக்குது. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது பழகின விஷயம்: மெட்டலர்ஜி பாடத்துல வர்ற சாலிடஸ் கோடுதான் இது. எக்ஸ் அச்சுல கலவைக்குப் பதிலா அழுத்தத்தைப் போட்டுக்கோங்க.

ஒரு சின்னக் கணக்கு

இன்ஜினியரிங் மாணவர்கள் கணக்கில்லாம நம்புவோமா? ரொம்ப எளிமையாக்கின மாதிரி ஒண்ணு போடுவோம்.

தரைமட்ட அழுத்தத்துல பெரிடோடைட் உருக ஆரம்பிக்கிறது சுமார் 1,100 டிகிரி செல்சியஸ். ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் அந்த உருகுநிலை சுமார் 4 டிகிரி கூடும். மேன்டில் பாறையின் சொந்த வெப்பநிலை, கிலோமீட்டருக்கு அரை டிகிரிதான் கூடும். அப்போ ரெண்டு கோடும் கிலோமீட்டருக்கு 3.5 டிகிரி வீதம் நெருங்குது.

மேன்டிலின் வெப்பநிலை, தரைமட்டத்துக்குக் கணக்குப் போட்டு, 1,300 டிகிரின்னு வெச்சுக்கோங்க. 1,300-லிருந்து 1,100 கழிச்சா 200. அதை 3.5-ஆல் வகுத்தா 57. அதாவது 57 கி.மீ. ஆழத்துல உருக ஆரம்பிக்கும். அங்கிருந்து ஒவ்வொரு 3 கி.மீ. மேலே ஏறும்போதும் பாறையில சுமார் 1 சதவீதம் உருகும். (உருகுறதுக்குச் செலவாகுற உள்ளுறை வெப்பத்தை இந்த 1 சதவீதத்திலேயே சேர்த்தாச்சு.)

இப்போ எவ்வளவு மாக்மா கிடைக்கும்? மேலே வந்த பாறை அப்படியே பக்கவாட்டுல திரும்பித் தட்டோட போயிடுது. ஒவ்வொரு அடுக்கும் தன் பங்கைக் கொடுத்துட்டுப் போகுது. எல்லா அடுக்கையும் கூட்டினா ஒரு முக்கோணத்தின் பரப்பு வரும். அந்த மாக்மா உறைஞ்சு உண்டாகுற மேலோட்டின் தடிமன், ஆழத்தின் வர்க்கத்தை 600-ஆல் வகுத்த அளவு. போட்டுப் பாருங்க:

1,250 டிகிரி: 43 கி.மீ. ஆழத்துல தொடக்கம், மேலோடு சுமார் 3 கி.மீ.
1,300 டிகிரி: 57 கி.மீ. ஆழத்துல தொடக்கம், மேலோடு சுமார் 5.4 கி.மீ.
1,350 டிகிரி: 71 கி.மீ. ஆழத்துல தொடக்கம், மேலோடு சுமார் 8.5 கி.மீ.

உலகத்தின் சாதாரணக் கடல் மேலோடு 6 முதல் 7 கி.மீ. தடிமன். நம்ம காகிதக் கணக்கு ரொம்ப மோசமில்லை! ஆனா கவனிக்க வேண்டியது வேற. 1,250-லிருந்து 1,350-க்குப் போனது வெறும் 8 சதவீத உயர்வு. மாக்மாவோ கிட்டத்தட்ட மூணு மடங்கு. ஆழத்தின் வர்க்கம்னு வந்ததால, மேன்டில்ல வர்ற சின்ன மாற்றம் மேலே பெரிய மாற்றமாத் தெரியுது.

இன்னொண்ணு: இந்தக் கணக்குல தட்டு விலகுற வேகம் எங்கேயுமே வரலை. வேகம் கூடினா ஒரு வருஷத்துக்கு வர்ற மொத்த மாக்மா கூடும், ஆனா அது அதே அளவுக்கு அகலமான இடத்துல பரவும். அதனால தடிமன் மாறாது. விலகல் ரொம்ப ரொம்ப மெதுவா இருந்தா மட்டும் கதை மாறும். அதைக் கொஞ்சம் கழிச்சுப் பார்ப்போம்.

சூடு மட்டுமில்லை, சரக்கும் முக்கியம்

மேன்டில் எல்லா இடத்திலும் ஒரே பாறையா? கிடையாது. கோடிக்கணக்கான வருஷமாப் பழைய கடல்தரைகள் அதுக்குள்ள அமிழ்ந்து போயிருக்கு. கண்டங்களின் அடிப்பகுதிகள் பிய்ஞ்சு விழுந்திருக்கு. சில பகுதிகள் ஏற்கெனவே உருகி மாக்மாவைக் கொடுத்துட்டு வெறுமையா நிக்குது.

ஈ.சி.இ. நண்பர்கள் சால்டரிங் லெட்டை நினைச்சுக்கோங்க. ஈயம் உருக 327 டிகிரி வேணும், வெள்ளீயத்துக்கு 232. ரெண்டையும் சரியான விகிதத்துல கலந்தா 183 டிகிரியிலேயே உருகிடும். கலவை மாறினா உருகுநிலை மாறும். மேன்டிலில் பழைய கடல்தரை கலந்த பகுதி சாதாரணப் பெரிடோடைட்டை விட ஆழத்திலேயே உருக ஆரம்பிச்சிடும். கொஞ்சம் தண்ணி கலந்திருந்தாலும் அப்படித்தான்.

வெறுமையான மேன்டிலுக்கு ஃபில்டர் காபி உதாரணம் பொருந்தும். முதல் டிகாஷன் கெட்டியா, வாசனையா வரும். அதே தூளில் ரெண்டாம் முறை தண்ணி ஊத்தினா? நிறம் வரும், சாரம் வராது. ஒருமுறை உருகின மேன்டில் அந்த ரெண்டாம் டிகாஷன் தூள் மாதிரி.

இதே டிகாஷன்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு அளவுகோலும் கொடுத்தது. பாறை உருகும்போது சோடியம் முதல் ஆளா மாக்மாவுக்குள்ள ஓடிவரும். கொஞ்சமா உருகினா, அந்தக் கொஞ்ச மாக்மாவிலேயே சோடியம் செறிஞ்சிருக்கும். நிறைய உருகினா நீர்த்துப்போகும். அதனால கடலடியிலிருந்து ஒரு பசால்ட் கல்லை எடுத்துச் சோடியத்தை அளந்தா, கீழே எவ்வளவு உருகிச்சுன்னு மதிப்பிடலாம். மாக்மா மேலே வந்து ஆறும்போதும் அதன் கலவை மாறும்ங்கிறதால, எல்லாக் கற்களையும் ஒரே நிலைக்குத் திருத்திக் கணக்குப் போட்டுத்தான் ஒப்பிடணும்.

1987-ல் எமிலி க்ளெயினும் சார்ல்ஸ் லாங்மியரும் உலகம் முழுக்க இருந்து வந்த தரவை இப்படி ஒப்பிட்டாங்க. மலைத்தொடர் ஆழமா இருக்கிற இடத்துல சோடியம் அதிகம். உயரமா இருக்கிற இடத்துல குறைவு. ஏன்னு நீங்களே சொல்லிடலாம். மேன்டில் குளிர்ச்சியா இருந்தா மாக்மா குறைவு, மேலோடு மெலிசு, கீழே இருக்கிற பாறையும் அடர்த்தி. அதனால முழுத் தரையும் அமிழ்ந்து நிக்கும். சூடா இருந்தா எல்லாமே தலைகீழ்.

மூணு கை, மூணு பாடம்

முதல் பாடம், தென்கிழக்குக் கை. இங்க தட்டுகள் வருஷத்துக்கு சுமார் 7 செ.மீ. விலகுது. பெரும் தூரத்துக்கு இந்த வேகம் அதிகம் மாறுறதில்லை. ஆனா மேற்குப் பகுதியில சுமார் 2,500 மீட்டர் ஆழத்துல இருக்கிற முகடு, ஆஸ்திரேலியாவுக்கும் அன்டார்க்டிகாவுக்கும் நடுவுல வந்ததும் 4,000 மீட்டருக்குக் கீழே இறங்கிடுது. அந்த இடத்துக்கு ஆஸ்திரேலிய-அன்டார்க்டிக் முரண்பகுதின்னு பேர். அங்க மாக்மா குறைவு, தரை கரடுமுரடு, பசால்ட்டில் சோடியம் அதிகம். வேகம் ஒண்ணு, எரிமலை வேற. நம்ம முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது: அங்க அடியில இருக்கிற மேன்டில் குளிர்ந்தது. பழைய காலத்துல அமிழ்ந்த ஒரு தட்டு கீழே கிடக்கிறதுதான் காரணம்னு ஒரு விளக்கம் இருக்கு.

அதே இடத்துல இன்னொரு ஆச்சரியம். 1988-ல் க்ளெயின் குழு ஐசோடோப்புகளை அளந்தப்போ, இந்தியப் பெருங்கடல் வகை மேன்டிலும் பசிபிக் வகை மேன்டிலும் இந்தப் பகுதிக்குள்ளதான் சந்திக்குதுன்னு தெரிஞ்சுது. மேலே தண்ணியில எல்லைக்கோடு இல்லை. கீழே பாறையில இருக்கு.

ரெண்டாம் பாடம், மத்தியக் கை. மொரீஷியஸ் தெரியும்தானே? ரூபாய் நோட்டில் தமிழ் எண்கள் அச்சிடுற நாடு. அதுக்குப் பக்கத்துல ரீயூனியன் தீவு. ரெண்டு இடத்திலும் தமிழ் வம்சாவளியினர் நிறைய பேர் வாழுறாங்க. ரீயூனியனுக்கு அடியில ஒரு சூடான மேன்டில் ஊற்று இருக்கு. 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறைகளைக் கொட்டினதும், அப்புறம் லட்சத்தீவு, மாலத்தீவின் அடித்தளங்களைக் கட்டினதும் இதே ஊற்றுதான்னு பெரும்பாலானவங்க ஏத்துக்கிறாங்க. நாம மேப்பில் மேற்கே போனப்போ கடந்த லட்சத்தீவு, அந்தப் பாதையின் ஒரு மைல்கல்.

இப்போ ரீயூனியனிலிருந்து மத்திய இந்திய மலைத்தொடர் ஆயிரம் கி.மீ.க்கும் மேல தள்ளி இருக்கு. இருந்தாலும் 1978-லேயே ஜேசன் மார்கன், ஊற்றின் பாறை மேன்டிலுக்குள்ள பக்கவாட்டுல ஓடி மலைத்தொடரை எட்டுதுன்னு எழுதினார். 19 டிகிரி தென் அட்சரேகையை ஒட்டிய பகுதியில கிடைச்ச பசால்ட்டுகளில் செறிவான சரக்கு தெரியுது. அது ரீயூனியனிலிருந்து வந்ததா, அங்கேயே மேன்டிலில் இருந்த பழைய துண்டான்னு விவாதம் உண்டு.

மூணாம் பாடம், தென்மேற்குக் கை. இங்க விலகல் வருஷத்துக்கு சுமார் 1.4 செ.மீ.தான். உலகத்தின் மிக மெதுவான மலைத்தொடர்களில் ஒண்ணு. பாறை இவ்வளவு மெதுவா ஏறும்போது, மேலே இருக்கிற குளிர்ச்சி கீழே இறங்கி உருகுறதை இடையிலேயே நிறுத்திடுது. 62 முதல் 65 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குள்ள, பசால்ட்டே இல்லாம மேன்டில் பாறை நேரடியாக் கடல்தரையில கிடக்கிற இடங்கள் இருக்கு. ஆனா அதே கையில, அதே வேகத்துல, 50 டிகிரி பக்கத்துல மேலோடு 9 கி.மீ.க்கும் மேல தடிமனா இருக்கு! வேகம் மட்டும்தான் காரணம்னா இது நடக்கவே கூடாது. இங்கேயும் மேன்டிலின் வேறுபாடும், மாக்மா ஒரு பக்கமாத் திரண்டு வர்ற விதமும்தான் பதில்.

இந்தியப் பெருங்கடலின் தனி முத்திரை

1983-ல் டுப்ரே, அலேக்ரே என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், இந்தியப் பெருங்கடல் பசால்ட்டின் ஈய, ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்புகள் மத்தக் கடல்களிலிருந்து வித்தியாசமா இருக்கிறதைக் காட்டினாங்க. அடுத்த வருஷம் ஸ்டான்லி ஹார்ட் அவங்க பேர்களைச் சேர்த்து 'டுபால்'னு பேர் வெச்சார். காரணம் இன்னும் முடிவாகலை. கோண்ட்வானா உடைஞ்சப்போ கண்டத்தின் அடிப்பகுதி பிய்ஞ்சு மேன்டிலில் கலந்துச்சுன்னு ஒரு கருத்து. பழைய கடல் வண்டல் அமிழ்ந்து போனதுன்னு இன்னொரு கருத்து.

முதல் கருத்து சரின்னா, இதுல நம்ம மாவட்டத்துக்கும் ஒரு சொந்தம் இருக்கு. சிவகங்கைப் பக்கம் மேல் கோண்ட்வானா காலத்துப் படிவுப் பாறைகள் வெளியே தெரியுது. இந்தியா அன்டார்க்டிகாவை விட்டுப் பிரிஞ்ச காலத்தின் மிச்சம் அது. அந்தப் பிரிவினை மேலே நமக்கு ஒரு கடற்கரையைக் கொடுத்தது. கீழே மேன்டிலில் ஒரு கலப்படத்தையும் விட்டுட்டுப் போயிருக்கலாம்.

சண்டை முடிஞ்சுதா?

இல்லை. சூடுதான் முக்கியம்னு க்ளெயின், லாங்மியர் சொன்னதை 2008-ல் யாவோலிங் நியூவும் மைக்கேல் ஓஹாராவும் எதிர்த்தாங்க. மேன்டிலின் கலவை மாறினாலே அடர்த்தி மாறும், அதனாலேயே முகட்டின் ஆழம் மாறலாம்னு வாதாடினாங்க. 2014-ல் காலின் டால்டன், லாங்மியர், ஆலிசன் கேல் மூவரும் சேர்ந்து மூணாவது சாட்சியைக் கூப்பிட்டாங்க: நில அதிர்வு அலை. சூடான பாறையில அலை மெதுவாப் போகும். அலை வேகம், முகட்டின் ஆழம், பசால்ட்டின் வேதியியல், மூணும் ஒத்துப்போச்சு. மலைத்தொடர்களுக்கு அடியில மேன்டிலின் வெப்பநிலை சுமார் 250 டிகிரி வரைக்கும் மாறுதுங்கிறது அவங்க முடிவு. உலக அளவில் சூட்டின் பக்கம் தராசு சாய்ஞ்சிருக்கு. ஆனா ஒரு குறிப்பிட்ட இடத்துல வித்தியாசத்துக்குக் காரணம் சூடா, சரக்கான்னு ஒவ்வொரு முறையும் தனியாத்தான் பார்க்கணும்.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

மாக்மா இருக்கிற இடத்துல விரிசல் வழியாக் கடல்நீர் உள்ளே இறங்கி, சூடாகி, பாறையிலிருந்து செம்பு, துத்தநாகம், கொஞ்சம் தங்கம், வெள்ளியைக் கரைச்சு வெந்நீர் ஊற்றா வெளியே வரும். குளிர்ந்த கடலைத் தொட்டதும் சல்ஃபைடாப் படியும். 2016 செப்டம்பரில் இந்தியா, சர்வதேசக் கடல்தரை ஆணையத்தோட 15 வருஷ ஒப்பந்தம் போட்டு, மத்திய, தென்மேற்குக் கைகளில் 10,000 சதுர கி.மீ. பரப்பில் இதைத் தேடுது. 2025 செப்டம்பரில் கார்ல்ஸ்பெர்க்குக்கும் தனி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 2024 டிசம்பரில் சென்னை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் தேசியத் துருவ, கடல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து 4,500 மீட்டர் ஆழத்துல ஒரு உயிருள்ள வெந்நீர் ஊற்றைப் படம் பிடிச்சாங்க.

10,000 சதுர கி.மீ. இருட்டுல ஆளில்லா வாகனத்தை எங்கே இறக்குறது? கப்பல் ஓடுற ஒவ்வொரு நாளும் காசு. இங்கதான் நாம பார்த்த பாடம் வேலைக்கு வருது. மாக்மா அதிகமுள்ள பகுதியா, மேன்டில் பாறை வெளியே தெரியுற பகுதியான்னு தெரிஞ்சா, ஊற்று எங்கே இருக்கும், அதுல என்ன உலோகம் சேரும், எத்தனை காலம் ஓடியிருக்கும்னு தேடலைச் சுருக்கலாம். மெதுவான மலைத்தொடர்களில் ஒரே பிளவு நீண்ட காலம் இயங்குறதால பெரிய படிவுகள் சேர வாய்ப்பு அதிகம். எரிமலை குறைவான இடம்னு ஒதுக்கினா நஷ்டம் நமக்குத்தான். அதே சமயம் அந்த ஊற்றுகளைச் சுத்தி, வேற எங்கேயும் இல்லாத உயிரினங்கள் வாழுது. எதைத் தோண்டலாம், எதைத் தொடவே கூடாதுன்னு முடிவெடுக்கிறதுக்கும் இதே அறிவு வேணும்.

இதுக்கு ஜியாலஜி படிச்சவங்க மட்டும் போதாது. மூணு பேரை 6,000 மீட்டருக்கு இறக்கப்போற மத்ஸ்யா 6000-ன் டைட்டானியக் கோளம், காற்றழுத்தத்தைப் போல 600 மடங்கு அழுத்தத்தைத் தாங்கணும். அது மெக்கானிக்கல் வேலை. ஒலி அலையில தகவல் அனுப்புறது ஈ.சி.இ. வேலை. அலைத் தரவிலிருந்து மேன்டிலின் படம் வரையுறது கம்ப்யூட்டர் சயின்ஸ் வேலை. உப்புநீரில் உலோகம் அரிக்காமப் பார்த்துக்கிறது மின்வேதியியல். அதுக்கான தேசிய ஆய்வகமான சிக்ரி நம்ம காரைக்குடியிலேயே இருக்கு.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். மேன்டில் 1,400 டிகிரியா இருந்தா மேலோட்டின் தடிமன் எவ்வளவு? விடை 12 கி.மீ. பக்கம் வரணும். வந்துச்சுன்னா, அப்படிப்பட்ட இடம் பூமியில எங்கே இருக்கும்னு மேப்பில் தேடிப் பாருங்க. ஒரு குறிப்பு: கடலுக்கு அடியில இருக்க வேண்டிய முகடு, அங்க தண்ணிக்கு மேலேயே தலைநீட்டி ஒரு நாடாகவே நிக்குது!